வருஷத்துக்கு ஒரு மாதம் ஓடும் பாக்ஸ்டருக்கு எந்த பேட்டரி போடலாம்?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். புனலூரில் வீடு, வேலை மஸ்கட்டில். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2010 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் வருஷத்தில் பதினொரு மாதம் ஷெட்டில் நிற்கிறது. மூன்று வருஷத்தில் மூன்று பேட்டரி போய்விட்டது. அப்பா ஞாயிறுதோறும் பத்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைக்கிறார், அப்படியும் போகிறது. இந்தத் தடவை முன் மூடியே திறக்கவில்லை. அடுத்து எந்தக் கம்பெனி பேட்டரி வாங்கலாம், லித்தியம் போட்டால் தீருமா என்று கேட்கிறீர்கள். ஆனால் மூன்றும் மூன்று கம்பெனி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மூன்று கம்பெனி பேட்டரியும் ஒரே மாதிரி சாகிறதென்றால் காரணம் காரிலும் அது நிற்கிற விதத்திலும்தான் இருக்கிறது. ஆகவே ஓடாத காரில் பேட்டரி ஏன் சாகிறது, அதை எப்படிச் சாகாமல் வைத்திருப்பது என்ற கேள்விக்குத்தான் பதில் சொல்லப்போகிறேன். கம்பெனி பற்றி இடையில் இரண்டு வரி போதும்.

செங்கோட்டையில் 26 வருஷமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். ஆரியங்காவு வழியாக வரும் லாரிகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. ஆனால் டிசம்பரிலும் ஜூலையிலும் கல்ஃபிலிருந்து ஊருக்கு வருகிறவர்களின் கார்கள் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருந்தும் வரும், அதில் பாதிக்கு மேல் உங்கள் கதைதான். போர்ஷே என்று பார்த்தால் என் கை பட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. உங்கள் காரில் நான் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரியின் குணத்தைப் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன், உங்கள் காரின் குறிப்பிட்ட கோளாறைப் பற்றிச் சொல்வது ஊகம். இரண்டையும் கலக்காமல் வாசியுங்கள்.

முதலில் உறுதியான விஷயம். ஈயப் பேட்டரியில் சார்ஜ் இறங்க இறங்க உள்ளே இருக்கும் தட்டுகளின் மேல் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும், தினமும் ஓடும் காரில் இதுதான் நடக்கிறது. இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டால், மழைக்காலத்தில் டப்பா உப்பு கட்டிதட்டுவது போல அந்தச் சல்பேட் கட்டியாகி இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் முழுசாகக் கரையாது. அந்த அளவுக்குப் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகப் போய்விடும். இரண்டாவது எதிரி சூடு. பேட்டரி தானாகவே சார்ஜை இழக்கும் வேகம் ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் இரட்டிப்பாகும். மார்ச், ஏப்ரலில் கேரளத்தின் அதிகபட்ச வெப்பநிலைப் பட்டியலில் புனலூர் பெயர் அடிக்கடி வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தச் சூட்டில் தகரக் கூரை ஷெட் என்றால் நிலைமை இன்னும் மோசம். ஒரே ஆறுதல், பாக்ஸ்டரில் எஞ்சின் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது, பேட்டரி முன்பக்கம் கண்ணாடியை ஒட்டி இருக்கிறது. எஞ்சின் சூடு அதைத் தொடாது.

இப்போது அப்பாவின் பத்து நிமிஷத்துக்கு வருவோம். அவர் அக்கறையோடு செய்கிறார், ஊரில் எல்லாரும் சொல்லும் யோசனையும் அதுதான், ஆனால் கணக்கு உதைக்கிறது. பூட்டி நிறுத்திய காரிலும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் யூனிட்டுகள் எல்லாம் கொஞ்சம் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். நல்ல நிலையில் உள்ள காரில் அது 20 முதல் 50 மில்லிஆம்பியர். 30 என்று வைத்துக்கொண்டாலும் ஒரு வாரத்துக்கு 5 ஆம்பியர்-ஹவர் (பேட்டரியில் இருக்கும் சார்ஜை அளக்கும் கணக்கு) போய்விடும். செல்ஃப் அடிக்கச் செலவாவது அற்பம், அதை விட்டுவிடலாம். ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டர், அதாவது நம் ஊரில் இன்னும் டைனமோ என்று சொல்கிறோமே அது, மெதுவாகத்தான் சுற்றும். எஞ்சின், ஃபேன் எல்லாம் எடுத்தது போகப் பேட்டரிக்கு 10, 15 ஆம்பியர் கிடைத்தால் அதிகம். பத்து நிமிஷத்தில் உள்ளே போவது 2 ஆம்பியர்-ஹவர், மிஞ்சிப்போனால் இரண்டரை. அதாவது வாரத்துக்கு 5 போகிறது, 2 வருகிறது. எட்டு வாரத்தில் 70 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு காலி. தானாகக் குறைவது தனி. போதாக்குறைக்கு, ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகும். எஞ்சினும் சைலன்ஸரும் நன்றாகச் சூடாகும் முன் அணைத்துவிட்டால் அந்த ஈரம் உள்ளேயே தங்கும், ஆயிலிலும் கொஞ்சம் சேரும். அதனால் அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லி இந்தப் பழக்கத்தை நிறுத்துங்கள்.

இந்தக் கணக்கே பேட்டரியைக் கெடுக்கப் போதும். ஆனால் வருஷத்துக்கு ஒன்று என்கிற வேகம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது, எங்கோ கூடுதலாகக் கரண்ட் கசிகிறது என்று சந்தேகப்படுகிறேன். சந்தேகம்தான், அளந்தால் மட்டுமே தெரியும். அளக்கும் விதத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் தப்புச் செய்கிறார்கள். பேட்டரியின் எர்த் (நெகட்டிவ்) முனையைக் கழற்றி, அந்த முனைக்கும் கேபிளுக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் இணைக்க வேண்டும். மூடி திறந்திருப்பது காருக்குத் தெரியக்கூடாது என்பதால் மூடியின் பூட்டை ஒரு ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி "மூடியாச்சு" என்று நம்பவைக்க வேண்டும் (அளந்து முடித்து மூடியைச் சாத்தும் முன் அதே பூட்டைத் திறந்த நிலைக்குக் கொண்டுவர மறக்கக்கூடாது). கதவைப் பூட்டிவிட்டு அப்புறம் காத்திருக்க வேண்டும். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு "ஒன்றரை ஆம்பியர் இழுக்குது" என்று பயப்படுவார்கள். கார் தூங்க, அதாவது உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் யூனிட்டுகள் எல்லாம் அடங்க, அரை மணிநேரம்கூட ஆகலாம்.

போன வருஷம் உங்கள் பக்கத்து ஊரான அஞ்சலிலிருந்து ஒரு கார் வந்தது. உங்களுடையதைப் போலவே இரண்டு கதவு, செகண்ட் ஹேண்ட், இரண்டு பேட்டரி போயிருந்தது. மீட்டரை இணைத்ததும் 2.8 காட்டியது. டீ குடித்துவிட்டு வந்தேன், 0.6. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து 0.35, அதற்குக் கீழே இறங்கவே இல்லை. முக்கால் மணிநேரம் பார்த்தேன், 0.35தான். 0.03க்கு வரவேண்டியது அது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவினேன், உள்விளக்குக்குப் போகும் ஃப்யூஸைத் தொட்டதும் சட்டென்று 0.03க்கு விழுந்தது. அந்த ஓயரைப் பிடித்துக்கொண்டே போனால் டேஷ்போர்டுக்கு அடியில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு சின்னப் பெட்டி, பழைய ஓனர் வைத்த ஜிபிஎஸ் ட்ராக்கர். சந்தா கட்டாமல் அது எப்போதோ வேலை செய்வதை நிறுத்தியிருந்தது, கரண்ட் குடிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. 0.35 ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 8.4 ஆம்பியர்-ஹவர், ஒரு முழுப் பேட்டரி எட்டே நாளில் தரைதட்டும். உங்கள் காரும் இன்னொருவர் கையிலிருந்து வந்தது என்பதால் ட்ராக்கர், டேஷ்கேம், பின்னால் மாட்டிய ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபயர் இவற்றை முதலில் தேடச் சொல்லுங்கள். சாவியை இக்னிஷனிலேயே விட்டு வைக்கும் வழக்கம் இருந்தால் அதுவும் காரைத் தூங்கவிடாது.

சரி, இப்போது திறக்காத மூடி. இந்த மாடலில் முன் மூடியின் பூட்டு கரண்டில் வேலை செய்கிறது, பேட்டரி அந்த மூடிக்குள் இருக்கிறது. பூட்டிய பெட்டிக்குள் சாவி மாட்டிக்கொண்ட கதை. கம்பியை விட்டு நெம்ப யாரையும் அனுமதிக்காதீர்கள், பெயிண்டும் பூட்டும் போய்விடும். கம்பெனிக்காரன் இதற்கு வழி வைத்திருக்கிறான். கதவைச் சாவி போட்டுத் திறந்தால், கால் வைக்கும் இடத்தின் ஓரத்தில் ஃப்யூஸ் பாக்ஸ் இருக்கும். அதற்குள் இழுத்தால் வெளியே நீளும் சிவப்பு முனை ஒன்று உண்டு. வேறொரு 12 வோல்ட் பேட்டரியின் பாஸிட்டிவை அந்தச் சிவப்பு முனையிலும், நெகட்டிவைக் கதவுக் கீலில் பெயிண்ட் இல்லாத உலோகத்திலும் கொடுத்து, ரிமோட்டில் முன் மூடி பட்டனை அழுத்தினால் திறந்துவிடும். கொடுத்த உடனே அலாரம் அலறலாம், ரிமோட்டில் அன்லாக் செய்தால் அடங்கும். அந்தச் சின்ன முனை மூடியைத் திறக்க மட்டும்தான். அதிலிருந்தே எஞ்சினை ஸ்டார்ட் செய்யப் பார்த்தால் ஓயர் கருகிவிடும். இன்னொரு விஷயம், இந்தக் காரின் கதவில் கண்ணாடியைச் சுற்றி ஃப்ரேம் கிடையாது, கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி கொஞ்சம் கீழே இறங்கித்தான் கதவு திறக்கும். கரண்ட் இல்லாதபோது கண்ணாடி இறங்காது. அப்போது கதவை அடித்துச் சாத்தினால் மேல் ரப்பரிலும் கண்ணாடியிலும் அழுத்தம் விழும். அதனால் வேலை முடியும்வரை கதவை ஒரு துணி வைத்துத் திறந்தே வையுங்கள், பேட்டரி கழன்ற நிலையில் முன் மூடியைச் சாத்தவே சாத்தாதீர்கள்.

எந்த பேட்டரி? பழையதன் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுங்கள். ஆம்பியர்-ஹவர், குளிர் ஸ்டார்ட் ஆம்பியர் என்ற சிசிஏ எண், நீள அகலம், பாஸிட்டிவ் எந்தப் பக்கம் என்ற நான்கும் பொருந்த வேண்டும். வசதி இருந்தால் ஏஜிஎம் வகை வாங்குங்கள். அதில் ஆசிட் கண்ணாடி நார்ப் பஞ்சில் ஊறியிருப்பதால் சிந்தாது, தானாகச் சார்ஜ் குறைவதும் சாதாரண பேட்டரியைவிடக் குறைவு, பேட்டரி லக்கேஜ் பகுதிக்குள் இருக்கும் காருக்கு அதுதான் பொருத்தம். கம்பெனியைவிடத் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். கடை அலமாரியில் ஒரு வருஷம் நின்ற பேட்டரி உங்கள் ஷெட்டில் நின்றதற்குச் சமம். மூன்று மாதத்துக்குள் தயாரானதா, கடையிலேயே மீட்டர் வைத்தால் 12.6க்கு மேல் காட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

லித்தியம் பற்றி. 2010இல் போர்ஷேயே 911 ஜிடி3க்கும் பாக்ஸ்டர் ஸ்பைடருக்கும் லித்தியம் பேட்டரியை விருப்பத் தேர்வாகக் கொடுத்தது. எடை 6 கிலோவுக்கும் குறைவு, ஈயப் பேட்டரியைவிட 10 கிலோ கம்மி. ரேஸ் ட்ராக்கில் ஓட்டுகிறவருக்கு அது பெரிய விஷயம். ஆனால் அதன் கொள்ளளவு 18 ஆம்பியர்-ஹவர்தான். மேலே போட்ட அதே 30 மில்லிஆம்பியர் கணக்கில் 25 நாளில் தீர்ந்துவிடும். கசிவு அப்படியே இருக்க, பேட்டரியை மட்டும் லித்தியமாக மாற்றினால் அதிக விலை கொடுத்து அதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள். உங்களுக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

மாற்றும் வேலை பெரிதில்லை, ஆனால் வரிசை முக்கியம். பேட்டரிக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியை எடுங்கள், ஃபெண்டர் மேல் பழைய போர்வை ஒன்றை மடித்துப் போடுங்கள். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. காரணம் எளிது. பாடி முழுக்க நெகட்டிவ், பாஸிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டால் முழு பேட்டரியும் ஸ்பேனர் வழியாகப் பாயும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கையில் அது நடந்தது. ஸ்பேனர் அப்படியே ஒட்டிக்கொண்டு சிவக்கத் தொடங்கியது, இடது உள்ளங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கழற்றிய முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றினால் கரையும். நன்றாகக் காயவைத்து, மாட்டி முடித்தபின் மேலே மட்டும் வாஸலின் தடவுங்கள். பழைய பேட்டரியின் ஓரத்தில் ஒரு மெல்லிய குழாய் செருகியிருக்கும், சார்ஜ் ஆகும்போது வரும் வாயுவை வெளியே விடுவதற்கு. அதைப் புதியதில் கட்டாயம் செருக வேண்டும். ஊர் பேர் வேண்டாம், பெரிய ஷோரூம் ஒன்றில் மாற்றிய காரில் அந்தக் குழாய் செருகாமல் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன், சுற்றியிருந்த உலோகம் அரித்துப்போயிருந்தது. அடிப்பக்கக் கிளாம்பையும் முறுக்க மறக்காதீர்கள். மாட்டியதும் ஸ்டீரியோ ரகசிய எண் (கோட்) கேட்கலாம், கண்ணாடி சுவிட்சை மேலே சில நொடி பிடித்தால்தான் கண்ணாடி தன் அளவை மறுபடி கற்றுக்கொள்ளும், டேஷ்போர்டில் எரியும் ஸ்டெபிலிட்டி விளக்கு கொஞ்ச தூரம் ஓட்டியதும் அணையும். பிஎம்டபிள்யூ போன்ற கார்களில் புது பேட்டரி போட்டதைக் கம்ப்யூட்டருக்கு ஸ்கேனர் வைத்துச் சொல்ல வேண்டும், உங்கள் மாடலுக்கு அந்த வேலை இல்லை.

இனிதான் முக்கியமான விஷயம். மேற்சொன்ன அத்தனையும் செய்துவிட்டு இதை மட்டும் விட்டால் அடுத்த வருஷம் நான்காவது பேட்டரி. பேட்டரி மெயிண்டெய்னர் என்று கிடைக்கும் சின்ன சார்ஜர் ஒன்று வாங்குங்கள். பட்டறையில் வைத்திருக்கும் பெரிய சார்ஜர் வேறு, அது நிறுத்தச் சொன்னாலொழிய கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அதை மாதக்கணக்கில் மாட்டினால் பேட்டரி வெந்துவிடும். மெயிண்டெய்னர் பேட்டரியை நிரப்பி, அப்புறம் 13.5 வோல்ட் பக்கம் இறங்கி, கசிகிற அளவை மட்டும் ஈடுகட்டும். வருஷம் முழுக்க மாட்டி வைக்கலாம். ஏஜிஎம் நிலை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் சார்ஜ் வோல்ட்டேஜ் 14.4 முதல் 14.8க்குள் நிற்கும். "ரீகண்டிஷன்" என்று 15.5க்கு மேல் போகும் பட்டனை ஏஜிஎம்மில் அழுத்தாதீர்கள். இறுகிய சல்பேட்டைப் பல்ஸ் கொடுத்து உடைக்கிறோம் என்று விற்கும் கருவிகள் பற்றிப் பேச்சு நிறைய இருக்கிறது. லேசாகக் கெட்ட பேட்டரி கொஞ்சம் தேறுவதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அது பல்ஸாலா, இரண்டு நாள் நிதானமாக சார்ஜ் ஏறியதாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. மாதக்கணக்கில் 10 வோல்ட்டுக்குக் கீழே கிடந்தது பிழைத்து நான் பார்த்ததில்லை.

மெயிண்டெய்னரின் ஓயரைப் பேட்டரியில் நிரந்தரமாகப் பொருத்தி, நுனியை வெளியே எட்டும்படி விட்டால் அப்பா மூடியைத் திறக்காமலே மாட்டலாம். காருக்குள் இருக்கும் 12 வோல்ட் சாக்கெட் வழியாகவும் சில பேர் ஏற்றுவார்கள். கார் பூட்டிய பிறகும் அந்த சாக்கெட்டில் கரண்ட் இருந்தால்தான் அது நடக்கும், ஒரு மொபைல் சார்ஜரைச் செருகி, பூட்டி ஒரு மணிநேரம் கழித்து அதன் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். உங்கள் ஊரில் இதில் ஒரு ஆபத்து உண்டு, அது இடி. சித்திரையிலும் துலாவர்ஷத்திலும் (ஐப்பசி மழையிலும்) மத்தியானத்துக்கு மேல் மலையிலிருந்து இறங்கும் இடிமின்னலில் டிவியும் மோடமும் போவதைப் பார்த்தே வளர்ந்திருப்பீர்கள். சார்ஜர் போனால் போகட்டும், காரின் கம்ப்யூட்டர் போகக்கூடாது. சர்ஜ் ப்ரொடெக்டர் போடுங்கள், அதற்கும் மேல் வானம் இருட்டினால் பிளக்கை உருவிவிடும்படி அப்பாவிடம் சொல்லுங்கள். அந்த இரண்டு சீசனிலும் வாரத்தில் ஒரு பகல் மட்டும் மாட்டினாலே போதும், ஒரு வாரத்துக் கசிவு 5 ஆம்பியர்-ஹவர்தானே, ஏழெட்டு மணிநேரத்தில் ஏறிவிடும். அவர் ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்தை இதற்கு மாற்றிக்கொள்ளலாம். ஓயரை எலி கடிக்கிறதா என்றும் அப்போதே பார்க்கட்டும், ரப்பர் தோட்டத்துப் பக்கம் எலிக்குப் பஞ்சமில்லை.

நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் போய்விட்டால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேறு காராக இருந்தால் நானே அதைச் சொல்லியிருப்பேன். உங்கள் காரில் மூடியைச் சாத்த முடியாது, அலாரம் இருக்காது, பேட்டரி தானாகக் குறைவதும் நிற்காது. ஷெட்டில் பிளக் பாயிண்டே இல்லை என்றால் மட்டும் கண்ட்ரோலரோடு ஒரு 10 வாட் சோலார் தகடு கூரைமேல் வையுங்கள், அதுவும் வெயில் காலத்துக்குத்தான், ஜூன் ஜூலையில் நம்ப முடியாது.

ஊருக்கு வரும்போது ஓட்டுவது வேறு காரணங்களுக்காக நல்லது, டயர் ஒரே இடத்தில் அழுந்தாது, பிரேக் துரு உதிரும், ஆயில் சூடேறும். ஆனால் முக்கால் மணிநேர ஓட்டம் பேட்டரியை முழுசாக நிரப்பாது, கடைசி 20 சதவீதம் ஏற மணிக்கணக்கில் ஆகும். தென்மலைப் பாதையில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்தால் அதுவும் இல்லை. கணவாயைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து தென்காசி – திருநெல்வேலி சாலையில் ஒரு தடவை போய்த் திரும்புங்கள், வீட்டுக்குப் போனதும் மெயிண்டெய்னரை மாட்டுங்கள்.

மூடி திறந்து பேட்டரி மாற்றியதும் மூன்று எண்களைக் குறித்து இங்கே எழுதுங்கள்: முழுசாக சார்ஜ் ஏறி ஒரு இரவு நின்ற பிறகு காலையில் காட்டும் வோல்ட் (ஏஜிஎம் என்றால் 12.8 பக்கம் வரவேண்டும்), எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் காட்டும் வோல்ட் (13.8க்கும் 14.5க்கும் நடுவில்), கார் தூங்கிய பிறகு இழுக்கும் மில்லிஆம்பியர். மூன்றாவது 50க்கு மேல் இருந்தால் எந்த ஃப்யூஸை உருவியபோது குறைந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அங்கிருந்து தேடலாம்.